தடித்த அறிக்கைதான் பாதுகாப்பா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தீவகத்தில், கடல்நீரேரிக் கரையில் 120 அறை விடுதி ஒன்றுக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறோம். வரைவு 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது. குறைத்தால் சட்டச் சிக்கல் வரும் என்கிறார் மேலதிகாரி. எதை வெட்டலாம்?
- ஒரு வாசகர், நல்லூர்

பதில்: தம்பி, 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். திட்டம் என்ன, தவிர்க்கக்கூடிய பாதிப்பு எது, தவிர்க்க முடியாதது எது, கெடுதல் குறைந்த மாற்றுவழிகளை ஏன் கைவிட்டீர்கள், மீட்க முடியாதபடி எந்த வளம் போகிறது என்றுதான் கேட்கிறது. தடிப்பாக இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. அமெரிக்காவில் 2023இல் சட்டமே 150 பக்கம் என்று எல்லை போட்டது. மிகச் சிக்கலான திட்டத்துக்கு 300. பின்னிணைப்பு அந்தக் கணக்கில் வராது.

சட்டத்தையும், அறிக்கை எவற்றை ஆராயவேண்டும் என்று உங்களுக்குத் தந்த பணி வரையறையையும் (ரி.ஓ.ஆர்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உள்ள எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத பந்தி போகட்டும். இலங்கையின் காலநிலை பற்றிய அத்தியாயம் முதலில் போகும். பறவைப் பட்டியலையும் கவனியுங்கள். பழைய அறிக்கையில் இருந்து ஒட்டினால் நுவரெலியாப் பறவை ஊர்காவற்றுறைக்கு வந்து சேரும். எதிர்ப்பவர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படைதான் அங்கே கிணறு. மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். விடுதிக்கு நாளுக்கு எத்தனை லீற்றர், எங்கிருந்து, ஆவணி மாதம் பக்கத்துக் கிணறுகளின் உவர்த்தன்மை என்ன, மலசலகூடக் குழிக்கும் அந்தக் கிணறுகளுக்கும் எவ்வளவு தூரம்? இதற்கு இருபது பக்கம் போனாலும் போகட்டும். ஆய்வுகூட முடிவுத்தாள்கள் பின்னிணைப்பில் இருக்கலாம், ஆனால் அவை சொல்லும் முடிவு உள்ளே, இலக்கத்தோடு வரவேண்டும். பாதகமான முடிவைப் பின்னிணைப்பில் ஒளிப்பது சுருக்கமல்ல.

மாற்றுவழிப் பகுதியை ஒரு பந்தியாக நசுக்கவும் வேண்டாம். "வேறு காணி பொருத்தமில்லை" என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது.

அப்புறம், அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல 30 நாள்தான். கரையில் இறால் பிடிக்கிறவர் 400 பக்கத்தை எப்போது படிப்பார்? தமிழ்ச் சுருக்கத்தைக் கடைசி இரவில் மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளாமல் நீங்களே எழுதுங்கள். வலை போடும் இடத்துக்கும் கரைக்குப் போகும் பாதைக்கும் என்ன நடக்கும் என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.