குடியிருப்பு வலயம்தானே, பிறகு ஏன் வீடு கட்ட விடுகிறார்கள் இல்லை? பண்டாரவளைக் காணி பற்றி ஒரு பதில்

கேள்வி: பண்டாரவளை டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி 18 பேர்ச் காணி ஒன்று பார்த்திருக்கிறேன். உறுதியில் பிரச்சினை இல்லை என்று நொத்தாரிஸ் சொல்கிறார். நகரத் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்பு வலயம். கீழே நாங்கள் இருக்க வீடு, மேலே ஹோம்ஸ்டேக்கு இரண்டு மூன்று அறை என்று யோசனை. காணிக்குப் பின்னால் மேலே ஏறும் தேயிலைத் தோட்டம், கீழ்ப்பக்கம் ஓர் ஓடை. ஆனால் இரண்டு காணி தள்ளி இருப்பவருக்குக் கட்டிட அனுமதி கிடைக்கவில்லையாம், அதுவும் அதே வலயம்தான். அப்படியென்றால் வலயம் என்று போட்டதற்கு என்ன அர்த்தம்? அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். காணி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை, அதைப் பார்க்காமல் யாரும் சொல்லவும் முடியாது. ஆனால் நீங்கள் இதுவரை பார்த்திருப்பது ஓர் அடுக்கைத்தான். மலைநாட்டில் ஒரு துண்டுக் காணியில் என்ன கட்டலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்கு மேல் கிடக்கும் மற்ற அடுக்குகள்.

வலயம் என்பது என்ன? 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, நகரப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களுக்கு ஓர் அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கிறது, அதில் வரைபடத்தைப் பிரித்து வீடு, கடை, கலப்புப் பயன்பாடு, பாதுகாப்பு என்று நிறம் போடுகிறது. குடியிருப்பு நிறம் இருந்தால் அங்கே வீடு என்ற பயன்பாட்டுக்குத் தடையில்லை, பெரிய ஃபாக்டரி வராது. அது சொல்வது அவ்வளவுதான். உங்கள் 18 பேர்ச்சில் மண் எப்படி இருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்பதெல்லாம் அந்த நிறத்துக்குத் தெரியாது.

அதனால்தான் உலகத்தில் பல நகரங்களில் அடி வலயத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் இன்னோர் எல்லையை வரைந்து, அந்த எல்லைக்குள் மட்டும் கூடுதல் விதி போடுகிறார்கள். திட்டமிடலாளர்கள் இதை ஓவர்லே, மேலடுக்கு வலயம் என்பார்கள். 1931இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் தன் பழைய வீடுகளைக் காப்பாற்ற இப்படி ஒரு வட்டாரத்தை வரைந்தது. பிறகு வெள்ளம், மலைச்சரிவு, ஆற்றங்கரை, விமான நிலையச் சுற்றாடல் என்று எத்தனையோ தேவைக்கு இந்த முறை பரவியது. ரயில் நிலையத்தைச் சுற்றிக் கூடுதல் மாடிக்கு இடம் கொடுப்பது போலத் தளர்த்துகிற அடுக்கும் உண்டு. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட அடுக்கும் அடி வலயமும் மோதினால், பொதுவாக இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

நம் நாட்டில் இந்த அடுக்குகள் ஒரே வரைபடத்தில் ஒரே பெயரில் கிடைப்பதில்லை, சிக்கல் இங்கேதான். ஒன்று நகர அபிவிருத்தி அதிகார சபையிடம், ஒன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம், ஒன்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம், இன்னொன்று வீதி அதிகாரிகளிடம், ஓடையோரம் பிரதேச செயலகத்தில். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கந்தோர். காணி வாங்குகிறவர் முதல் கந்தோரில் "ஆம்" என்று கேட்டதும் சந்தோஷமாகத் திரும்பிவிடுகிறார், புரோக்கரும் அந்த "ஆம்" என்பதை மட்டும்தான் சொல்லுவார்.

உங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் விடக் கனமான அடுக்கு மண்சரிவு. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடம் தயாரித்திருக்கிறது. அடிப்பாறை, அதன் மேலுள்ள மண், சரிவின் கோணம், நீர் ஓடும் விதம், நிலத்தின் உருவம், நிலத்தை எதற்குப் பாவிக்கிறார்கள் என்ற ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, சரிவு வர வாய்ப்பில்லாத இடத்திலிருந்து வரவே கூடிய இடம்வரை பிரித்திருக்கிறார்கள். இந்த மாவட்டங்களில் அபாயம் உள்ள இடங்களில் கட்டிட அனுமதி கொடுக்கும் முன்னால் உள்ளூராட்சிச் சபை அந்த நிறுவனத்தின் சிபாரிசைக் கேட்கும். பக்கத்துக் காணிக்காரர் முட்டியது அநேகமாக இங்கேதான்.

சரிவு செங்குத்தாக இருந்தால்தான் ஆபத்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. என்றோ ஒரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து படிந்த மண்ணும் கல்லும் கலந்த படிவு பார்க்கத் தட்டையாக, வீடு கட்ட வசதியாக இருக்கும், பக்கத்தில் ஊற்றும் இருக்கும், அந்தத் தட்டையைக் காட்டித்தான் விலையும் கூட்டிச் சொல்வார்கள். நாட்கணக்கில் மழை பெய்து அடியில் தண்ணீர் ஏறும்போது அந்தப் படிவுதான் மறுபடியும் நகர்கிறது.

சரி, அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் போதுமா? கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், 18 பேர்ச் என்றால் ஏறக்குறைய 455 சதுர மீட்டர், அதாவது 21 மீட்டருக்கு 21 மீட்டர். 1:10,000 அளவிலுள்ள அபாய வரைபடத்தில் உங்கள் முழுக் காணியும் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம். 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பேனாக் கோடே அதைவிடத் தடிப்பு. ஆகவே வரைபடம் எச்சரிக்கை மட்டும்தான் தரும். முடிவு, புவியியலாளர் ஒருவர் வந்து காணியிலும் அதற்கு மேலும் கீழும் நடந்து பார்த்து எழுதும் அறிக்கையில் இருக்கிறது. வரைபடத்தில் மோசமான நிறத்தில் இருக்கும் காணிக்கு நிபந்தனையோடு சம்மதம் வரலாம், நல்ல நிறத்தில் இருப்பதற்கு மறுப்பும் வரலாம்.

மறுப்புக்குக் காரணம் காணியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, அவர் கொடுத்த பிளானாகவும் இருக்கலாம். வீட்டை ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவரப் பின்பக்க மண்ணை நேராக வெட்டி இறக்குவது மலைநாட்டில் சாதாரணமாகிவிட்டது, பெக்கோ வந்தால் அரை நாள் வேலை. வெட்டிய சுவருக்குச் சாய்வு இல்லை, மேலே தண்ணீரைத் திருப்பக் கான் இல்லை, அடுத்த பெருமழையில் குசினிக்குள் மண் வருகிறது. அதே காணியில், சரிவோடு படிப்படியாக இறங்கும் சிறிய வீட்டுக்கு அனுமதி கிடைத்திருக்கக்கூடும். தயங்காமல் அவரிடம் போய் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காணியையே மறுத்திருக்கிறார்களா, மாடியின் எண்ணிக்கையையா, மண் வெட்டும் உயரத்தையா என்று அதில் இருக்கும். உங்களுக்கு இப்போது அதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறு இல்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் யோசனை தருவது பின்னால் இருக்கும் தேயிலை. எல்லைக் கல்லோடு நின்றுவிடாமல் ஏறிப் பாருங்கள். நன்றாகப் பராமரிக்கிற மலையில் குறுக்கே கான் வெட்டியிருப்பார்கள், அது மழைத் தண்ணீரைச் சேர்த்துப் பெரிய கானில் விட்டுப் பாதுகாப்பாக இறக்கும். ஆனால் ஆள் இல்லாமல் கைவிட்ட மலையில் கான் தூர்ந்து போயிருக்கும், தண்ணீர் ஓட வழியில்லாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும், அந்தத் தண்ணீர் வெளிவரும் இடம் உங்கள் காணியாக இருக்கலாம். தேயிலையைப் பிடுங்கி மரக்கறி போட்டிருந்தாலும் கவனம். இதை எந்த அபிவிருத்தித் திட்டத்தின் நிறமும் காட்டாது. 1951இன் மண் பாதுகாப்புச் சட்டத்தில் மண் அரிக்கும் பகுதிகளைப் பிரகடனம் செய்து பயிர்ச்செய்கையைக் கட்டுப்படுத்த இடம் இருக்கிறது, ஆனால் சட்டம் கான் தூர்வாராது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். அடுக்கு வரையப்பட்டிருந்தது, எச்சரிக்கையும் போயிருந்தது, ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு மாறிப் போகச் சொந்தமாக ஓர் அடி மண் இல்லை. நீங்கள் காணி தேடும்போது சரியில்லை என்றால் அடுத்ததைப் பார்க்கலாம், லயத்தில் பிறந்தவருக்கு அந்தத் தெரிவு கொடுக்கப்படவில்லை. "இங்கே இருக்கக் கூடாது" என்று சொல்லும் விதி, "அங்கே இருக்கலாம்" என்று ஒரு காணியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பாதி வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடு முழுவதும் சரிந்த இடங்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் இன்னும் கூடியிருக்கிறது.

மற்ற அடுக்குகள் சுருக்கமாக. ஓடையின் இரு கரையிலும் ஒதுக்கு நிலம் உண்டு, உறுதியில் அது உங்கள் பெயரில் இருந்தாலும் கட்ட முடியாது. அகலத்தை வாய்வார்த்தையில் நம்பாமல் நில அளவையாளரிடம் பிளானிலேயே குறிக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் வீதிக்கோடும் (வீதிக்கென ஒதுக்கிய எல்லை) கட்டிடக் கோடும் (அதைத் தாண்டிக் கட்டக் கூடாத எல்லை) வரும், சபையின் சான்றிதழில் தெரிந்துகொள்ளலாம். பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லை வேறு. ரயில் பாதை பக்கத்தில் இருந்தால் அதற்கும் ஒதுக்கு உண்டு. இவ்வளவையும் கழித்துவிட்டு, பின்சரிவிலிருந்து விடவேண்டிய தூரத்தையும் கழித்துவிட்டுப் பாருங்கள், 18 பேர்ச்சில் வீட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று. விலையை அந்த மிச்சத்துக்குப் பேசுங்கள்.

(கண்டியில் தேடும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1988இல் உலக மரபுரிமையான புனித நகரின் சுற்றுவட்டத்தில் கட்டிட உயரத்துக்கும் தோற்றத்துக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஹந்தானை மலை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம். இரண்டுமே குடியிருப்பு நிறத்துக்கு மேல் உட்காரும் அடுக்குகள்தான்.)

பண்டாரவளைக்கே உரிய இன்னொரு விஷயம் நிலத்தடி நீர். 2014 இறுதியில் உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்த பிறகு அந்தப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. அக்கம்பக்கத்தில் பழைய வீடுகளின் சுவரையும் தரையையும் பாருங்கள், கிணறு எப்போதிலிருந்து எப்படி என்று கேளுங்கள்.

ஹோம்ஸ்டே பற்றி: வீடு என்று அனுமதி எடுத்துவிட்டுப் பிறகு அறை சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயன்பாடு மாறினால் அனுமதியும் மாற வேண்டும், மண்சரிவு அறிக்கையும் நீங்கள் காட்டிய பிளானுக்குத்தான் பொருந்தும், கூடுதல் மாடிக்குப் பொருந்தாது. ஆட்கள் கூடினால் கழிவு நீரும் கூடும். கழிவுக் குழியிலிருந்து சரிவுக்குள் இறங்குவதும் தண்ணீர்தான், அது எங்கே வரும் என்பதை முதல் பிளானிலேயே காட்டுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. காணி மாநகர சபை எல்லைக்குள்ளா, பிரதேச சபையிலா, நகரப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டதா என்பதை எழுத்தில் கேளுங்கள், புரோக்கர்கள் இதில் அடிக்கடி தவறாகச் சொல்கிறார்கள். அளவைப் பிளானில் உயரக் கோடுகளையும் போடச் சொல்லுங்கள், வெறும் எல்லைப் பிளான் சரிவைக் காட்டாது. ஒரு பெரிய தோட்டத்தை உடைத்து விற்ற துண்டு என்றால், துண்டாடலுக்கு முறைப்படி அனுமதி எடுத்தார்களா என்று நொத்தாரிஸிடம் தனியாகக் கேளுங்கள், உறுதி சுத்தமாக இருப்பது வேறு, இது வேறு. பிறகு விற்பவரின் சம்மதக் கடிதத்தோடு, நீங்கள் உண்மையிலேயே கட்டப்போகும் பிளானை வைத்துச் சபை வழியாக மண்சரிவு அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் நொத்தாரிஸைக் கொண்டு ஓர் ஒப்பந்தம் எழுதி, அறிக்கை சாதகமாக வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வரியைச் சேருங்கள். அந்த வரிக்குச் சம்மதிக்காதவரிடம் காணி வாங்க வேண்டாம்.

இன்னொன்று, காணியை வெயில் காலத்தில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில், இரண்டு மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, மழை ஓய்ந்திருக்கும்போது பகலில் போய்ச் சுற்றிப் பாருங்கள். மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா, நிலத்தில் வெடிப்பு ஓடுகிறதா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் எதையாவது கண்டால் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே வெளியே வாருங்கள், கீழே குடியிருப்பவர்களுக்கும் சொல்லுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.