பைப் ஆர்கனும் குண்டு பல்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தக்கலைப் பக்கம். சர்ச்சில் பாட்டா காலத்துப் பைப் ஆர்கன் ஒன்று உண்டு. குமிழ்களில் 8, 4 என்று எண்கள் போட்டிருக்கும். போன மாதம் கமிட்டியார் அதை வெஸ்ட்ரிக்குள் (போதகர் அறைக்குள்) தள்ளிவிட்டு கீபோர்ட் வாங்கிவிட்டார்கள். இப்போது பாமாலை பாடினால் பாமாலை மாதிரியே இல்லை. இது அநியாயம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். பைப் ஆர்கன் என்றால் காற்று ஊதி ஒலிக்கும் குழாய்கள் இருக்க வேண்டும். உங்களுடையதில் குழாய் இருக்காது என்றே நினைக்கிறேன். காற்றுப் பட்டால் அதிரும் பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கும். காலால் மிதித்து வாசித்ததென்றால் அநேகமாக அது ரீட் ஆர்கன், ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்த 8 பைப் ஆர்கனிடம் வாங்கிய கடன். அங்கே அது அடிக்கணக்கு: இடது ஓரக் கட்டைக்கான திறந்த குழாய் சுமார் 8 அடி நீளம். 4 என்றால் அதில் பாதி, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். உங்கள் பெட்டியில் அதே சுரத்தை விரல் நீள நாக்கு ஒன்று பாடிவிடும்.

நான் சிறுவனாக இருந்தபோது மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சபையிலும் ஒன்று இருந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவமழையாயிற்றே. ஆனியில் ஈரம் குடித்துக் கட்டைகள் வீங்கிவிடும். அமுக்கினால் எழும்பாது, ஒரே சுரம் அழுதுகொண்டிருக்கும். வாசிக்கிற சார் சனிக்கிழமை ராத்திரி ஈரம் காயப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் போவார். துருத்தித் தோலை எலி கடித்த பிறகு அதுவும் உதவவில்லை. தோல் மாற்றத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. அதனால் உங்கள் கமிட்டியை என்னால் திட்ட முடியாது.

ஆனால் பாட்டு மாறிவிட்டது என்கிறீர்களே, அது சரி. ரீட் ஆர்கனில் கட்டையை அமுக்கி, காலையும் மிதித்துக்கொண்டிருக்கும்வரை சுரம் நிற்கும். பாட்டிகள் இழுத்து இழுத்துப் பாடி முடிக்கும்வரை அது காத்திருக்கும். கீபோர்டில் பையன்கள் பியானோ ஒலியை வைக்கிறார்கள். அது தட்டியதுமே தேயத் தொடங்கும். அந்த வெறுமையை நிரப்ப ரிதத்தை, அதாவது கீபோர்டே தானாக வாசிக்கும் தாளத்தை, போடுகிறார்கள். ரிதம் யாருக்காகவும் நிற்காது. ஒருமுறை அடக்க ஆராதனையில் கை தவறிப் பட்டு டிஸ்கோ தாளமே தொடங்கிவிட்டது. போதகர் ஜெபத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

உங்கள் கீபோர்டிலும் ஆர்கன் ஒலி இருக்கும். வரும் ஞாயிறு அதை வைத்து, ரிதத்தை அணைத்துவிட்டு ஒரு பாமாலை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், பழைய பெட்டி ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) போவதற்குள் அந்த நாக்குகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.