பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வெட்கமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

பங்குச் சாமியாருக்கு உங்கள் குடும்பத்தையே தெரியும், அவரிடம் என் பாவங்களைச் சொல்லி எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் சொல்லவே வேண்டாம். அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் (சாமியாரிடமும்) பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டமே (எண் 991) சொல்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேளாங்கண்ணிக்கோ பூண்டி மாதா கோவிலுக்கோ போனால் அதையும் முடித்துவிட்டுத்தான் வருவார்கள். பக்தி ஒரு பக்கம், அங்குள்ள சாமியாருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது என்பது இன்னொரு பக்கம்! நீண்ட இடைவெளிக்குப் பிறகு நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முகம் தெரியக் கூடாதென்றால் சாமியாருக்கும் உங்களுக்கும் நடுவில் கம்பித் தடுப்பு உள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டியாக (கூண்டு போன்ற இருக்கை) பார்த்துப் போங்கள். 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோ அதை வலியுறுத்திப் பரப்பினார். விரும்புகிறவர்களுக்கு அந்த வசதி இருக்க வேண்டும் என்று இன்றைய சட்டமும் (964) சொல்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரக் கூட்டத்தில் மட்டும் போகாதீர்கள். சாமியார்கள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், வரிசையில் நிற்பவர்களோ நீங்கள் எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாதாரண நாளில் போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போவது நிம்மதி.

அப்புறம், எதைச் சொல்லத்தான் வாய் வரவில்லையோ அதையே முதலில் சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால், மற்றதைச் சொல்லும்போதும் மனம் அதிலேயே நிற்கும். கதை முழுக்கத் தேவையில்லை. சாவான பாவம் (கனமான பாவம்) என்றால், அது என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை முறை என்பது போதும். அடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம். அதுவும் வரவில்லையா? "சாமி, சொல்ல வெட்கமா இருக்கு, நீங்களே கேளுங்க" என்று சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் வழி திறந்தது. சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஆமாம், இல்லை என்றேன்.

வெளியே பேசிவிடுவாரோ என்ற பயம் இருந்தால்: பாவசங்கீர்த்தன ரகசியத்தை நேரடியாக வெளிப்படுத்தும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். உங்கள் அனுமதியில்லாமல் பிறகு உங்களிடம்கூட அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அவரும் இன்னொரு குருவிடம் போய் மண்டியிடுகிறவர்தான். 2014 மார்ச்சில் போப் பிரான்சிஸே புனித பேதுரு பேராலயத்தில் எல்லோரும் பார்க்க ஒரு குருவின் முன் மண்டியிட்டார்.

பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தால் கவலை வேண்டாம், கேட்டால் சாமியாரே சொல்லிக் கொடுப்பார்.