இரண்டு சர்வரில் ஒரு என்எஃப்எஸ் ஸ்டோரேஜ்: ஒன்று விழுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ள டிஆர்பிடி மட்டும் போதுமா?

போதாது. டிஆர்பிடி என்பது ஒரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக இன்னொன்றுக்கு நகலெடுக்கும் மென்பொருள். அந்த நகலெடுக்கும் வேலையை மட்டும்தான் பார்க்கும். அதை நன்றாகவே பார்க்கும். 2010-இல் வந்த 2.6.33 முதல் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இப்போது எந்த சர்வர் பிரைமரி (வேலையை நடத்தும் பக்கம்) என்று முடிவெடுப்பது, கிளையன்ட்கள் தொடர்புகொள்ளும் விர்ச்சுவல் ஐபியை மாற்றுவது, டிஸ்க்கை மவுன்ட் செய்து, ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ்ஸைக் கிளப்புவது எல்லாம் சர்வீஸ்களை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர், சர்வர்களுக்கிடையே செய்தி கடத்தும் கோரோசிங்க் இரண்டின் பொறுப்பு.

நகலெடுப்பதில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, புரோட்டோகால் சி-யா, ஏ-வா என்பதுதான். சி-யில் இரண்டு டிஸ்க்கிலும் எழுதி முடித்த பிறகே 'எழுதியாச்சு' என்று பதில் வரும். ஏ-வில் உள்ளூர் டிஸ்க்கில் எழுதி, எதிர்ப்பக்கம் அனுப்புவதற்கான டிசிபி பஃபரில் போட்டதுமே பதில் வந்துவிடும். சர்வர் விழுந்தால் கடைசியாக எழுதியவை சில போய்விடலாம். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் யோசிக்காமல் சி. தூரம் கூடினால் கதை வேறு. ஃபைபரில் ஒளி மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் தள்ளி வைத்தால், தரவு போய்ப் பதில் திரும்பி வர, ஒவ்வொரு முறை எழுதும்போதும் குறைந்தது ஒரு மில்லிவினாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

சரி, உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. எதிர் சர்வரிடமிருந்து சத்தமே இல்லை. அது செத்துவிட்டதா, நடுவில் இருக்கும் கேபிள்தான் போய்விட்டதா? நெட்வொர்க் வழியாக மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செத்துவிட்டது என்று நம்பி நீங்கள் பிரைமரி ஆக, அங்கே அதுவும் பிரைமரியாகவே தொடர்ந்தால் ஸ்ப்ளிட் பிரெயின்: இரண்டு டிஸ்க்கிலும் வெவ்வேறு தரவு, அப்புறம் ஏதோ ஒன்றைத் தூக்கி எறிந்தாக வேண்டும். அதனால்தான் ஃபென்சிங். பொறுப்பேற்கும் முன் எதிராளியின் கரண்டை நாமே நிறுத்திவிடுவது. முரட்டுத்தனமாகத் தோன்றும், ஆனாலும் பேஸ்மேக்கரில் இந்த ஃபென்சிங்கை இயக்கும் 'ஸ்டோனித் எனேபிள்ட்' அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டு வேலையை முடிக்கச் சொல்லும் பாடங்களை நம்பாதீர்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பலரும் ஃபென்சிங்கை ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும், அதற்குள்ளேயே இருக்கும் சிப்) வழியாக மட்டும் வைக்கிறார்கள். அந்த சிப்புக்கும் அதே சர்வரிலிருந்துதான் மின்சாரம். பவர் சப்ளை முழுதாகப் போனால் ஐபிஎம்ஐயும் பதில் சொல்லாது, ஃபென்சிங் தோற்கும், நல்ல சர்வர் பொறுப்பேற்காமல் காத்துக்கொண்டே இருக்கும். எனவே இரண்டாவது நிலையாக, ரிமோட்டில் அணைக்கக்கூடிய பிடியு (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் கருவி) ஒன்றைச் சேருங்கள். மூன்றாவதாக ஒரு சிறிய மெஷினில் கோரோசிங்க்கின் நடுவர் நிரலான க்யூநெட்டியை ஓட்டினால், எந்தப் பக்கம் தொடர்வது என்ற ஓட்டெடுப்பு சமநிலையில் முடியாது.

என்எஃப்எஸ் பக்கம்: இரண்டு சர்வரிலும் எக்ஸ்போர்ட்டின் (பகிரும் டைரக்டரியின்) அடையாளமான எஃப்எஸ்ஐடி ஒன்றாகவே இருக்கட்டும், இல்லையேல் ஃபெயிலோவர் (பொறுப்பு மாறுவது) ஆனதும் கிளையன்ட்கள் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' (பழைய ஃபைல் அடையாளம் செல்லாது) என்று கத்தும். கிளையன்ட் விவரங்களைச் சேமிக்கும் /வார்/லிப்/என்எஃப்எஸ் டைரக்டரியும் நகலாகும் டிஸ்க்கில் இருக்க வேண்டும். கிளையன்ட்டில் மவுன்ட் ஹார்டாக இருக்கட்டும், சர்வர் பதில் தரும்வரை காத்திருக்கும். சாஃப்ட் என்றால் இடைவெளியில் அப்ளிகேஷனுக்குப் பிழை போய்ச் சேரும். என்எஃப்எஸ் பதிப்பு 4-இல் கிரேஸ் பீரியட் (பழைய கிளையன்ட்கள் தங்கள் லாக்குகளை மீட்டுக்கொள்ளும் அவகாசம்) இயல்பாக 90 வினாடி, அதுவரை புதிதாக எந்த ஃபைலையும் திறக்க விடாது. ஃபெயிலோவர் தோற்றுவிட்டது என்று பதறி, நடுவில் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள்.

பேக்கப் தனியாக வேண்டும் என்பது தெரிந்ததுதான். தவறுதலாக அழித்ததும் அதே வேகத்தில் நகலாகும்.

சோதிக்கும்போது ரீபூட் கட்டளை பயன்படாது. அது எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்திப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போகும். முதலில் ரெப்ளிகேஷன் கேபிளை மட்டும் பிடுங்குங்கள்: பிரைமரி தொடர வேண்டும், மற்றது மறுபடி ஒத்திசையும்வரை பிரைமரி ஆகக் கூடாது. அடுத்து கோரோசிங்க் போகும் நெட்வொர்க் முழுவதையும்: ஒன்று மற்றொன்றை அணைக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளக் கூடாது, அப்படி நடந்தால் ஒரு பக்கம் ஃபென்சிங்குக்குச் சில வினாடி தாமதம் வையுங்கள். கடைசியாக பவர் கார்டு. பிடியு வழியும் அப்போதுதான் வேலை செய்கிறதா என்று தெரியும்.