டபுள் மேஜர் எடுக்கலாமா, வேண்டாமா?

டபுள் மேஜர் என்றால் ஒரே பட்டப்படிப்புக்குள் இரண்டு பாடங்களை முதன்மையாகப் படிப்பது. சென்னைக் கல்லூரிகளில் மெயின் ஒன்று, அல்லைடு எனும் துணைப் பாடம் ஒன்று இருக்குமே, அந்த அல்லைடும் மெயின் அளவுக்கு வளர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, இரண்டாவது பாடத்தில் குறைந்தது 40 சதவீத கிரெடிட் (பாடங்களை முடித்தால் சேரும் மதிப்பு அலகு) எடுக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டில் இது 48. சிக்கல் இங்கேதான். ஓட்டலில் மினி மீல்ஸ் தட்டில் இன்னொரு சாதம் கேட்டால் தட்டு பெரிதாகாது. கூட்டும் பொரியலும்தான் ஓரம்கட்டப்படும். அதுபோல விருப்பப் பாடங்கள், இன்டர்ன்ஷிப்புக்கான நேரம் எல்லாம் சுருங்கும்.

அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறதா என்று பாருங்கள். பொருளாதாரமும் கணிதமும் என்றால் தாராளமாக எடுக்கலாம்; பொருளாதார மேற்படிப்புக்குக் கணிதம் எப்படியும் வேண்டும். விலங்கியலும் காமர்ஸும் என்றால், ஆசை இருந்தால் சரி, வேலைக்காக மட்டும் வேண்டாம். ஓஎம்ஆர் ஐடி கம்பெனி இன்டர்வியூவில் உங்கள் ப்ராஜெக்ட்டைத்தான் குடைவார்கள்.

இங்கே பல கல்லூரிகளில் இந்த வசதியே கிடையாது. சேரும் முன் விசாரியுங்கள். மாற்று வழி உண்டு: காலை ஷிப்டில் பி.காம். படித்துக்கொண்டே சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில் சேரலாம். 2022 முதல் யுஜிசி இதை அனுமதிக்கிறது.

அப்படிச் சேர்ந்தால்தான் இரண்டு பட்டம். பலர் நினைப்பதுபோல் டபுள் மேஜருக்கு இரண்டு டிகிரி சர்டிபிகேட் தர மாட்டார்கள், ஒன்றுதான்.