அறக்கட்டளையின் மூலநிதியை உடைத்துச் சம்பளம் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் ஏழைக் குழந்தைகளுக்கான மாலை நேரப் படிப்பு மையங்களை நடத்தும் பதிவுபெற்ற அறக்கட்டளையின் பொருளாளர் நான். ஆண்டு நன்கொடை சுமார் 18 லட்சம் ரூபாய்; மாதச் செலவு 1,25,000 ரூபாய். நன்கொடையில் பெரும்பகுதி டிசம்பர் முதல் மார்ச் வரைதான் வருகிறது. வருமான வரி விதிக்குப் பயந்து மார்ச் மாதத்தில் மேசை, நாற்காலி, கணினி என்று வாங்கிக் கணக்கை முடித்துவிடுகிறோம். இப்போது ஜூலையில் ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் பணம் போதவில்லை. வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்று எழுதி ஒரு நன்கொடையாளர் மூலநிதியாகக் கொடுத்த 6 லட்சம் ரூபாய் வைப்பை உடைக்கலாமா?

பதில்: உடைக்க வேண்டாம். வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவரின் நிபந்தனையை மீறுவது நம்பிக்கைத் துரோகம் என்பது ஒருபுறமிருக்க, மூலநிதியிலிருந்து செய்யும் செலவு, அந்தத் தொகையை மீண்டும் வைப்பில் போடும்வரை, வரிக் கணக்கில் அறச் செலவாக ஏற்கப்படுவதில்லை. அதன் வட்டியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உங்கள் சிக்கலின் வேர் மார்ச் மாதக் கொள்முதலில்தான் இருக்கிறது. மூலநிதி நீங்கலான வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பதே விதி. முழுவதையும் செலவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 18 லட்சத்தில் 85 சதவீதம் 15,30,000 ரூபாய். உங்கள் வழக்கமான செலவே ஆண்டுக்கு 15 லட்சம் ஆகிவிடுவதால், இன்னும் 30,000 ரூபாய் செலவிட்டாலே விதி நிறைவேறிவிடும். மீதமுள்ள 2,70,000 ரூபாயைக் காரணம் சொல்லாமலேயே சேமித்து வைக்கலாம். அது இரண்டு மாதச் செலவுக்கும் மேலான கையிருப்பு. அந்தக் கையிருப்பைத்தான் ஒவ்வோர் ஆண்டும் நாற்காலிகளாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் சம்பளம் தள்ளிப்போகும் ஆசிரியர் நெடுநாள் தங்கமாட்டார்.

வரும் மார்ச்சில் இந்தத் தொகையை அட்டவணை வங்கி (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கி) ஒன்றில் 90,000 ரூபாய் வீதம் மூன்று தனி வைப்புகளாகப் போட்டு, தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடையுங்கள். எப்போது, யார் ஒப்புதலுடன் எடுக்கலாம் என்பதை அறங்காவலர் கூட்டத் தீர்மானமாகவே எழுதிவையுங்கள். மார்ச் கடைசியில் பெருந்தொகை வந்து 85 சதவீதத்தை எட்ட முடியாமல் போனாலும், உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்து அடுத்த ஆண்டில் செலவிட வழியிருக்கிறது. அதை உங்கள் ஆடிட்டரிடம் பிப்ரவரியிலேயே பேசிவிடுங்கள்.

இந்த மாதப் பற்றாக்குறைக்கு, அறக்கட்டளைப் பத்திரம் அனுமதித்தால், அறங்காவலர் ஒருவரிடம் வட்டியில்லாக் கடனாக வங்கி வழியே பெற்று, இந்த நிதியாண்டுக்குள்ளேயே திருப்பிக் கொடுங்கள். கூடவே, ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருபவர்களிடம் மாதம் 1,000 ரூபாயாகத் தர இயலுமா என்று கேளுங்கள். வங்கி வழியே வருவது அவர்களுக்கும் நல்லது, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது.