ஹட்டன் ஸ்டேசன்: கேளுங்கள், சொல்கிறேன்

அண்ணா, நம்ம ஸ்டேசனுக்கு எத்தனை வயது? (கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி)

இலங்கை மலையகத்து ஹட்டன் ஸ்டேசனை 1884இல் திறந்தார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்டிக்கு 1867லேயே கோச்சி (ரயில்) வந்துவிட்டது, நாவலப்பிட்டிக்கு 1874இல். மலைக்குப் பாதை போட்டதே கோப்பியை இறக்கத்தான். ஆனால் அது ஹட்டனுக்கு ஏறி வருவதற்குள் இலைநோயில் கோப்பி அழிந்துபோனது. இங்கிருந்து இறங்கியது தேயிலைப் பெட்டி, ஏறி வந்தது தோட்டத்து அரிசி.

தாத்தா 'அழுகைக் கோச்சி' என்பாரே, அது எது?

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். நம்மவர்களில், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில், 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று முடிவு. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அப்புறம் பல வருடம், குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறி, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். வழியனுப்ப லயமே (தோட்டத்து வரிசை வீடுகளே) திரண்டு வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

என் அம்மாயியின் தங்கை குடும்பமும் அப்படித்தான் போனது. தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதியிருந்தார்களாம். அம்மிக்கல்லைத் தூக்க முடியாமல் அம்மாயியிடமே விட்டுவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, தினமும் அரைக்கிறோம். ஸ்டேசனின் வரலாறு என்றால் எனக்கு முதலில் இதுதான்.

டிரைவர் கைமாற்றி வாங்கும் வளையம் எதற்கு?

அதில் தொங்கும் பையைப் பாருங்கள். உள்ளே வட்டமான உலோகத் தகடு இருக்கும், 'டப்ளட்' என்பார்கள். நம் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களிலும் தகடு கொடுக்கும் இயந்திரங்கள் கம்பியால் இணைந்தவை. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை அடுத்தது வராது. தகடு கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேசனுக்கு வண்டியை எடுக்கமாட்டார். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வராமல் காப்பது அதுதான்.

சிங்கமலைச் சுரங்கம்தான் பெரியதா?

ஆமாம், இலங்கையிலேயே நீளமான ரயில் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் வரும். மிதிபலகையில் நிற்காதீர்கள் தம்பி.

சிவனொளிபாதமலைக்கு ஹட்டனில் இறங்கினால் சரியா?

சரி. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலை ஏறும் யாத்திரை சீசன். மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ் பிடியுங்கள். சீசன் இல்லாத நாளில் மஸ்கெலியாவில் மாறவேண்டியிருக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், இறங்கியதுமே தேவைப்படும்.